பழி மலைமக்கள் மேல், பிழை கருவியில்

"மலைக்குச் சோலார் ஒத்துவராதுங்க." கல்வராயன் மலையில் எரியாத தெருவிளக்கைப் பற்றியோ, இருண்டு கிடக்கும் அரசின் பசுமை வீட்டைப் பற்றியோ கீழே கேட்டால் பெரும்பாலும் இதுதான் பதில். பேட்டரி விற்கிறவர் சொல்கிறார், வேலையை எடுத்துச் செய்தவர் சொல்கிறார், கோப்பை மூடுகிற அலுவலரும் சொல்கிறார். ஏன் என்று கேட்டால் காரணமும் தயாராக இருக்கிறது: மலைமக்களுக்குப் பராமரிக்கத் தெரியாது, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மாட்டார்கள், காய விட்டுவிடுவார்கள், இரண்டு வருஷத்தில் பேட்டரி காலி. கேட்க நியாயம்போலத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் சுமத்தப்படும் வீண்பழி அதிகம், உண்மை மிகக் குறைவு.

முதலில் மலை. சூரிய பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், வெப்பம் ஆகாது. சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதன் உற்பத்தி ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். பேட்டரிக்கும் அப்படித்தான்: லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும் இடத்தின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. ஆக, கள்ளக்குறிச்சியின் சித்திரை வெயிலில் வேகும் பேட்டரியைவிட மலைமேல் உள்ள கரியாலூரின் குளிர்ந்த காற்றில் இருக்கும் பேட்டரி அதிக நாள் உழைத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடும், சில நாள் சார்ஜ் போதாது. அது உண்மை. அதற்காகத்தான் இரண்டு மூன்று நாள் தாங்கும்படி பேட்டரியின் அளவைக் கூட்டி வைக்கிறார்கள். மற்ற மாதங்களில் மலை சோலாருக்கு நல்ல இடம்.

அடுத்து மக்கள். கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மரவள்ளியும் சாமையும் தினையும் விளைவிக்கிறவர்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்து, அதன் பிறகே அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தவர்கள். சாலை முதல் மின்சாரம் வரை எல்லாமே இவர்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. வந்து சேர்ந்த பொருள் பழுதானால் "உங்களுக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்ற பேச்சு மட்டும் தாமதிக்காமல் வந்துவிடுகிறது. மலைச்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, வழியில் நின்றுபோனால் தானே பிரித்துச் சரிசெய்துகொள்கிற ஆளுக்கு, பேட்டரியின் ஆறு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றத் தெரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

இனி கருவி. 2011-12இல் முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் தொடங்கியது. 300 சதுர அடி வீடு. செலவு 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிவறை, தாழ்வாரம் என வீட்டுக்கு ஐந்து விளக்கு. ஆண்டுக்கு 60,000 வீடு, ஐந்தாண்டில் மூன்று லட்சம் என்று இலக்கு வைத்தார்கள். ஊராட்சித் தெருவிளக்குகள் ஒரு லட்சத்தைச் சூரிய ஒளிக்கு மாற்றுவதாகவும் அறிவித்தார்கள். திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இருட்டில் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்த குடும்பத்துக்கு ஐந்து விளக்கு என்பது பெரிய காரியம். பேனல் கூரையில் ஏறியது, பேட்டரி பெட்டிக்குள் உட்கார்ந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது: சார்ஜ் கன்ட்ரோலர். பேட்டரி நிறைந்ததா என்று பார்த்துச் சார்ஜை நிறுத்துவது அதன் வேலை. மொத்த அமைப்பிலும் விலை குறைவான பொருள்களில் அது ஒன்று. அது பழுதானால், கடையில் மாற்றாகக் கிடைப்பது பெரும்பாலும் "12/24 வோல்ட் ஆட்டோ" என்று அச்சிட்ட மலிவான பெட்டிதான்.

"தண்ணீர் ஊற்றாததால் காய்ந்தது" என்கிறார்களே, அந்தச் சாட்சியத்தையே எடுத்துக்கொள்வோம். பேட்டரியில் தண்ணீர் எப்படிக் குறைகிறது? நல்ல டியூபுலர் பேட்டரியில், சரியாகச் சார்ஜ் ஆகிற நிலையில், நீர் மெல்லத்தான் குறையும். சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து ஊற்றினால் போதும். பேட்டரி நிறைந்த பிறகும் மின்சாரம் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் கதை வேறு. அந்த மின்சாரத்துக்குச் செய்ய வேறு வேலை இல்லை, அது தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் வெளியேற்றும். கணக்கு எளிது. ஒரு ஆம்பியர்-அவர் வீணாகப் போனால் ஒரு செல்லில் மூன்றில் ஒரு கிராம் தண்ணீர் போகும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல், ஆக 2 கிராம். 74 வாட் பேனலும் 75 ஆம்பியர்-அவர் பேட்டரியும் கொண்ட பழைய தெருவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேனல் நல்ல வெயிலில் சுமார் 4 ஆம்பியர் தரும். பேட்டரி நிறைந்த பிறகு தினம் நான்கு மணி நேரம் சார்ஜ் நிற்காமல் போனால் 16 ஆம்பியர்-அவர், அதாவது 32 மில்லி. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர்.

மாதம் ஒரு லிட்டர் குடிக்கிற பேட்டரிக்கு வெள்ளிமலையிலிருந்தோ கச்சிராயபாளையத்திலிருந்தோ டிஸ்டில்டு வாட்டர் வாங்கிச் சுமந்து ஊற்றிக்கொண்டே இருப்பதற்குப் பராமரிப்பு என்று பெயர் கிடையாது. அந்தப் பேட்டரி நோயில் கிடக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள், நோயாளியின் வீட்டுக்காரர் மேல் குற்றம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "பேட்டரி காய்ந்துவிட்டது" என்று அவர்கள் வாயாலேயே சொல்கிறார்கள். அவ்வளவு விரைவாகக் காய்வது ஓவர் சார்ஜின் கைரேகை.

ஓவர் சார்ஜ் ஏன் வருகிறது? இங்கேதான் அந்த "ஆட்டோ" என்ற சொல்லைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியை 14.4 வோல்ட் அளவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 24 வோல்ட் அமைப்பு என்றால் 28.8. தன்னோடு இணைந்திருப்பது எது என்று கன்ட்ரோலருக்கு எப்படித் தெரியும்? உயிர் பெறும் அந்தக் கணத்தில் தன் முனையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்கும். 18க்குக் கீழே இருந்தால் 12 வோல்ட் பேட்டரி, மேலே இருந்தால் 24 என்று முடிவு செய்துகொள்ளும். மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் இவ்வளவுதான் மூளை. முதலில் பேட்டரியை இணைத்து, அது நல்ல நிலையில் இருந்தால், கணிப்பு சரியாக வரும். முதலில் பேனலை இணைத்தால்? 36 செல் கொண்ட சாதாரண "12 வோல்ட்" பேனல், சுமை இல்லாதபோது 21, 22 வோல்ட் காட்டும். கன்ட்ரோலர் பேனலின் மின்சாரத்தில் விழித்து, முனையில் 20க்கு மேல் பார்த்து, "இது 24 வோல்ட்" என்று பதிந்துகொள்ளும். பிறகு 12 வோல்ட் பேட்டரியை மாட்டினால், அடியோடு வற்றிப்போன 24 வோல்ட் பேட்டரி வந்திருப்பதாக நினைத்து முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றும். 28.8 வரும்வரை நிறுத்தாது. 12 வோல்ட் பேட்டரியில் 28.8 ஒருநாளும் வரப்போவதில்லை. அது 16, 17 வோல்ட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும், சூரியன் சாயும்வரை. மறுநாளும் அதேதான்.

வீட்டில் நடப்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். மதியம் பேட்டரிப் பெட்டிப் பக்கம் போனால் சளசளவென்று ஒரு சத்தம். மூடியைத் திறந்தால் அமிலவாடை மூக்கில் ஏறும், தொண்டை கமறும். மேல்மூடி முழுக்க ஈரம் பூத்திருக்கும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு. கையை வைத்தால் பக்கச் சுவர் சுடும். செல்லுக்குள் டார்ச் அடித்தால் தகட்டின் தலை நீருக்கு மேலே தெரியும், நீர் பழுப்பாகக் கலங்கியிருக்கும். பாசிட்டிவ் தகட்டிலிருந்து உதிர்ந்த பொடி அது. சீல் செய்த பேட்டரி என்றால் பக்கவாட்டில் வீங்கியிருக்கும், அதில் தண்ணீர் ஊற்ற வழியே இல்லை. "பேட்டரி நல்லா சார்ஜ் ஏறுது, சத்தம் கேக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போன எலக்ட்ரீஷியன்களும் உண்டு. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். 300 சதுர அடி வீட்டில், அடுப்பெரியும் இடத்துக்குச் சில அடி தள்ளி, இது நடக்கிறது.

பராமரிக்கத் தெரியாது என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று நான் உண்மையாகவே கேட்கிறேன். அக்கறையுள்ள ஒரு வீட்டுக்காரர் டெர்மினலில் பூத்த உப்பைப் பார்க்கிறார். பகலில், வேலையில்லாத ஒரு மதியத்தில், கிளாம்பைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, வாஸ்லின் தடவி, மறுபடி இறுக்குகிறார். பாடப்புத்தகம் சொல்கிற பராமரிப்பு இதுதான். ஆனால் அவர் கிளாம்பைக் கழற்றிய நேரத்தில் கூரைப் பேனல் வெயிலில் இருந்தது. பேட்டரி விலகியதும் கன்ட்ரோலரின் முனையில் மின்னழுத்தம் 20ஐத் தாண்டிவிட்டது. மலிவுப் பெட்டி அந்த நேரத்தில் மறுபடி கணித்து, 24 என்று மாறிக்கொண்டது. அவர் கிளாம்பை இறுக்கிய நொடியிலிருந்து பேட்டரி வேகத் தொடங்குகிறது. பேட்டரியைக் கழற்றும் முன் பேனல் வயரைக் கழற்ற வேண்டும், அல்லது பேனல் மேல் சாக்கைப் போட்டு மூட வேண்டும் என்று அவருக்குத் தமிழில் யார் எழுதிக் கொடுத்தார்கள்? பராமரித்ததாலேயே பேட்டரியை இழந்தவரைப் பார்த்து, பராமரிக்கவில்லை என்று சொல்வது அநியாயம்.

கை வைக்காவிட்டாலும் இது நடக்கும். டெர்மினல் துருப்பிடித்து இணைப்பு தளர்ந்தாலோ, ஃப்யூஸ் போனாலோ, இரவில் கன்ட்ரோலர் அணைந்துவிடும். காலையில் அதை எழுப்புவது பேனல்தான். மலையில் விடியற்காலைக் குளிரில் பேனலின் சுமையற்ற வோல்டேஜ் சமவெளியைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். "பேனல் முதலில்" என்ற அதே தவறான வரிசை, யாரும் தொடாமலே நடந்துவிடுகிறது.

இதற்கு எதிர்வாதங்கள் இருக்கின்றன. "வயர் மெலிசாகப் போட்டதால்தான் பேட்டரி கொதிக்குது" என்று பல எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். இது தலைகீழ். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையே மெல்லிய நீள வயர் இருந்தால், சார்ஜ் ஏறும்போது வயரில் வோல்டேஜ் விழும். கன்ட்ரோலர் தன் முனையில் பார்ப்பது பேட்டரியில் இருப்பதைவிட அதிகமாக இருக்கும். "நிறைந்துவிட்டது" என்று முன்கூட்டியே நிறுத்தும். அதனால் வருவது குறைச் சார்ஜ். அதுவும் கெடுதல்தான், தகட்டில் சல்பேட் படியும். ஆனால் பேட்டரி காயாது. குறைச் சார்ஜில் செத்த பேட்டரியில் தண்ணீர் இருக்கும், ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி இறங்கியிருக்கும். ஓவர் சார்ஜில் செத்ததில் தண்ணீர் இருக்காது. இரண்டையும் பிரித்தறிய நூறு இருநூறு ரூபாய்க் கருவி போதும். அதைக்கூடப் பயன்படுத்தாமல் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

சிலர் கன்ட்ரோலரைத் தவிர்த்துவிட்டு டிவியையும் செல்போன் சார்ஜரையும் நேராகப் பேட்டரியில் மாட்டுகிறார்கள் என்பது உண்மை. அப்படிச் செய்தால் பேட்டரி அடிமட்டம் வரை வற்றிச் சாகும். நான் அதை மறுக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் அதுவும் பேட்டரியைக் காய வைக்காது. காய்ந்த பேட்டரியைக் காட்டி அந்தக் குற்றத்தைச் சாட்ட முடியாது.

"கருவி சரிதான், மாட்டினவன் வரிசை தப்பு, பேட்டரியை முதலில் மாட்டு என்று கையேட்டிலேயே இருக்கிறதே" என்பது இன்னொரு வாதம். கையேடு ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது என்பதை விடுங்கள். ஆளே தொடாமல் காலையில் தானாகவே தவறான வரிசை நடந்துவிடக்கூடிய அமைப்பில், வரிசை தவறினால் பேட்டரியைக் கொல்லும் கருவியைப் பொருத்துவது வடிவமைப்பின் குற்றம். நல்ல கருவிகள் செய்கிறவர்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். சிலர் முதல்முறை மட்டும் கண்டறிந்து நினைவில் பதித்துக்கொண்டு, பிறகு மாற்ற வேண்டுமானால் ஆள் வந்து மாற்றினால்தான் மாறும்படி செய்கிறார்கள். சிலர் ஒரு சிறு ஜம்பரையோ சுவிட்சையோ வைத்துவிடுகிறார்கள். 12 வோல்ட் வீட்டு விளக்குக்கு 24 வோல்ட் வசதி எதற்கு? கடைக்காரருக்கு ஒரே சரக்கை எல்லோருக்கும் விற்கலாம் என்ற லாபம் தவிர, அந்த வீட்டுக்கு இதில் ஒரு நன்மையும் இல்லை.

வாரண்டியும் இங்கேதான் சிக்குகிறது. பேட்டரியை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோனால், செல்லில் தண்ணீர் குறைவாக இருப்பதைக் காட்டி, "வாடிக்கையாளர் பராமரிக்கவில்லை" என்று எழுதித் திருப்பிவிடலாம். தகடு வெளியே தெரிவதே அவர்களுக்கு ஆதாரம். அது எதனால் காய்ந்தது என்று கன்ட்ரோலரைக் கேட்பார் இல்லை. அவ்வளவு கனமான பொருளை பஸ்ஸில் ஏற்றி இறக்கி அலைந்த குடும்பம், கடைசியில் காயலான் கடையில் ஈயத்தின் விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறது. அடுத்து வாங்கும் புதுப் பேட்டரியும் அதே கன்ட்ரோலரில்தான் போய்ச் சேர்கிறது. அதற்கும் அதே கதி. அப்போது சொல்கிறார்கள், "பார்த்தீங்களா, மலைக்கு ஒத்துவரல."

இப்போது லித்தியம் வந்துவிட்டது, இனி இந்தப் பேச்சே தேவையில்லை என்கிறார்கள் சிலர். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்ற வரைக்கும் சரி. ஆனால் வோல்டேஜைத் தவறாகக் கணிக்கும் கன்ட்ரோலருக்கு லித்தியம் இன்னும் அதிக வாய்ப்பைத் தருகிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்குள் பாதுகாப்புக்காக ஒரு பலகை உண்டு, பிஎம்எஸ். 12.8 வோல்ட் பேட்டரி 14.6 வோல்ட் அளவுக்கு ஏறினால் அது சார்ஜ் பாதையைத் துண்டித்துவிடும். துண்டித்த நொடியில் கன்ட்ரோலரின் பார்வையில் பேட்டரி மறைந்துபோகும், வயரில் பேனலின் 20 வோல்ட் ஏறும், எல்இடி விளக்குகள் எரிந்துபோகலாம். இரவில் அடிமட்டம் வற்றினாலும் பிஎம்எஸ் அடைத்துக்கொள்ளும். காலையில் கன்ட்ரோலரை எழுப்புவது பேனல்தான். மேலே சொன்ன அதே கதை, இந்த முறை தினந்தோறும் நடக்க வாய்ப்போடு. விலை உயர்ந்த பேட்டரியைப் போட்டுவிட்டு அதன் காவலை மலிவுப் பெட்டியிடம் விடுவதில் எந்த முன்னேற்றமும் இல்லை.

இதை இப்போதே பேச வேண்டிய காரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய அரசு பழங்குடிக் கிராமங்களுக்கான தர்த்தி ஆபா திட்டத்தைத் தொடங்கியது. மின்கம்பி எட்டாத வீடுகளுக்குத் தனிச் சூரிய மின் அமைப்பு தருவதும் அதில் ஒரு பகுதி. அதே ஆண்டு ஜூலையில் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அடிப்படை வசதிகளைப் பற்றிக் கேட்டது. மலையின் பக்கம் கண்கள் திரும்பியிருக்கும் காலம் இது. பணம் வரும், பேனல் வரும், திறப்பு விழாவும் நடக்கும். ஒப்பந்தப்புள்ளியில் பேனலின் வாட்டும் பேட்டரியின் ஆம்பியர்-அவரும் பக்கம் பக்கமாக இருக்கும். கன்ட்ரோலர் பற்றிய வரிகளில் "ஆட்டோ" என்ற சொல் நுழைந்துவிட்டால், மூன்றாம் வருஷம் இதே பேச்சைத்தான் நாம் மறுபடி கேட்போம்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. 12 வோல்ட் அமைப்புக்கு 12 வோல்ட் மட்டுமே தெரிந்த கன்ட்ரோலரைக் கொடுங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் வேறெதையும் பார்க்காமல் பேனலைத் துண்டிக்கும் தனிப் பாதுகாப்பைக் கட்டாயமாக்குங்கள். பேட்டரிப் பெட்டியின் உள்மூடியில் தமிழில் மூன்று வரி அச்சிடுங்கள்: கழற்றும்போது பேனல் வயர் முதலில், மாட்டும்போது பேட்டரி வயர் முதலில், மதியம் மீட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேனல் வயரைக் கழற்றிவிட்டுச் சொல்லியனுப்புங்கள். யாருக்குச் சொல்லியனுப்புவது என்று ஒரு எண்ணும் இருக்கட்டும். பசுமை வீடுகளுக்குச் சோலார் பொருத்திய எரிசக்தி மேம்பாட்டு முகமையையே 2024இல் பசுமை எரிசக்திக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள், பழைய அலுவலகத்தைத் தேடி யாரும் அலைய வேண்டாம். ஊராட்சிக்கு ஒரு மல்டிமீட்டர், அதைப் பிடிக்கக் கற்ற உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர். மீட்டரின் விலை சில நூறு ரூபாய். கெட்டுப்போகும் ஒரு பேட்டரியின் விலை அதைப்போலப் பல மடங்கு.

கரியாலூரிலோ, வெள்ளிமலையிலோ, வேறெந்த மலையூரிலோ சோலார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நல்ல வெயில் அடிக்கும் மதியத்தில் மீட்டரைப் பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் நேராக வைத்துப் பாருங்கள். கன்ட்ரோலரின் திரையை நம்ப வேண்டாம். 14.4ஐ ஒட்டி நின்றால் நிம்மதியாக இருங்கள். 15ஐத் தாண்டினால் அன்றே பேனல் வயரைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலரை மாற்றச் சொல்லுங்கள், மீட்டரில் வந்த எண்ணைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளை யாராவது வந்து நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை என்று சொன்னால், அந்தத் தாளை அவர்கள் கையில் கொடுங்கள்.